இல்லாத மாமா

என் அம்மாவுக்குத் தம்பி கிடையாது. ஆனாலும் எங்கள் மாடி வீட்டுக்கு அவர் பலமுறை குடிவரப் பார்த்திருக்கிறார். வாடகைக்குக் கேட்டு வருபவர்களை அப்பா அன்பாக உட்காரவைத்து விசாரிப்பார். நம் ஆட்கள் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே திரும்பி, "உன் தம்பி எப்ப வர்றான்?" என்பார். "அடுத்த வாரம்," என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நானும் அக்காவும் அந்த மாமாவுக்கு மீசையெல்லாம் வைத்துச் சிரிப்போம்.

யூதர்களைக் கொன்று குவித்த வரலாறு ஒருநாள் வகுப்பில் பாடமாக வந்தது. எனக்கு அது புதிதல்ல. மொழிபெயர்ப்பு நாவல்களில் அந்த ரயில்களையும் கம்பிவேலிகளையும் பார்த்திருக்கிறேன். அழுது முடித்துப் புத்தகத்தை மூடினால் அந்த நாடு தூரப் போய்விடும்.

வரலாற்று ஆசிரியை முகாம்களிலிருந்து தொடங்கவில்லை. ஒரு குடியிருப்பின் மாடிப்படியைப் படமாகக் காட்டினார். கைப்பிடியில் வண்ணம் உதிர்ந்திருந்தது. ஓரமாக ஒரு குழந்தை வண்டி.

"மேல் வீட்டுக்காரங்களை ஒருநாள் காலையில இறக்கிக் கூட்டிட்டுப் போனாங்க. கீழ் வீட்டுல என்ன பண்ணியிருப்பாங்க?"

"பயந்து கதவை மூடியிருப்பாங்க மிஸ்," என்றான் நாங்கள் வானொலி என்று கூப்பிடும் பையன்.

"நிறையப் பேர் மூடினாங்க. சிலர் ஒளிச்சு வச்சுக் காப்பாத்தினாங்க. இன்னும் சிலர் மேல் வீடு தங்களுக்குக் கிடைக்குமான்னு பார்த்தாங்க. ஆனா அதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. இந்த பெஞ்சில உக்காராதே, இந்தக் கடைக்கு வராதே. சொன்னவங்க எல்லாரும் கத்தல. பல பேர் ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க."

மணி அடித்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் மட்டும் மனதில் அந்தப் படத்து மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரச் சனிக்கிழமை ஒரு நர்ஸ் வீடு பார்க்க வந்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம். எங்கள் தெருவிலிருந்து மருத்துவமனை பக்கம் என்பதால், வேலைக்கு நடுவே ஓடிவந்து மகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அறைகளைக் காட்டுவது என் வேலை. அவர் குழாயைத் திறந்து கையை நீட்டினார். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தார். சுவரைச் சாண் போட்டு அளந்து, "கட்டிலை இங்க போட்டா காத்து வரும்ல?" என்றார்.

கீழே அப்பா விசாரித்தார். நர்ஸ் எதையும் மறைக்கவில்லை. அப்பா உள்ளே திரும்பினார்.

"உன் தம்பி எப்ப வர்றான்?"

"அம்மாவுக்குத் தம்பி இல்லப்பா," என்றேன்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா சிரித்தார். "கதைப் புத்தகமாப் படிச்சுப் படிச்சு இப்படி ஆயிட்டா."

நர்ஸ் சிரிக்கவில்லை. "அப்ப வீடு காலிதானா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அக்கம்பக்கத்துல என்ன சொல்வாங்களோன்னுதான்."

"எதிர் வீட்டுலயும் கேட்டுட்டுத்தாங்க வர்றேன். அவங்களுக்கும் ஒண்ணும் இல்லையாம். நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயப்படுறாங்க."

அப்பா மேசைத் துணியின் சுருக்கத்தை நீவினார். அங்கே நடந்தது பெருங்கொலை, இங்கே நடப்பது ஒரு மறுப்பு. இரண்டும் ஒன்றென்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் மரியாதையாக மறுக்கும் அந்தக் குரலை எனக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்கும் நல்ல குரல் அது.

அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். "காலிதாம்மா," என்றாள் மெதுவாக.

நர்ஸ் அப்பாவைத்தான் பார்த்தார். "என் பொண்ணு சின்னவ, சார். யாரைப் பார்த்தாலும் நின்னு பேசுவா. அவ பேசினா நீங்க முகத்தைத் திருப்பிக்க மாட்டீங்கன்னு சொல்லுங்க. நாளைக்கே சாமானோட வர்றேன்."

அவர் காத்திருந்தார். நானும் அம்மாவும் காத்திருந்தோம். ஒரே ஒரு சொல் போதும். அப்பாவின் விரல்கள் துணியை நீவிக்கொண்டே இருந்தன. அதில் இப்போது சுருக்கமே இல்லை.

"சரிங்க," என்று நர்ஸ் எழுந்தார்.

நான் அவர் பின்னாலேயே போனேன். "உள்ள போம்மா, திட்டு விழும்," என்றார். நான் போகவில்லை. அடுத்த தெருவில் வாடகைக்கு விடும் வீடுகள் எனக்குத் தெரியும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பையை மறு தோளுக்கு மாற்றி எனக்கு இடம் விட்டார். இருவரும் நடந்தோம்.