பத்தடித் தொட்டியில் கொக்கு

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செம்மண் கலங்கிய தண்ணீர்தான் வரும். வண்டல் படியும் தொட்டிக்குப் பத்தடி ஆழம். வால்வைத் திறந்து வண்டலை வெளியேற்ற வேண்டிய ஆபரேட்டர் பெலிக்ஸ், வாராவாரம் பதிவேட்டில் ‘வண்டல் அரையடி’ என்று எழுதுவார். இன்ஜினியரான நான் இன்று போய்ப் பார்த்தால், தொட்டியின் நடுவில் முட்டளவுத் தண்ணீரில் ஒரு கொக்கு ஒய்யாரமாக நிற்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன அண்ணாச்சி இது?”

“கொக்குக்குக் காலு நீளம்லா மேடம்.”

“ஒம்பதரை அடியா? அப்பம் அதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க!”

பெலிக்ஸ் கொஞ்சமும் அசரவில்லை. ‘கொக்கின் கால் ஒன்பதரை அடி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை என்னிடம் நீட்டினார்.

“கீழ நீங்களும் போடுங்க மேடம். எப்பவும் போல, பாக்காமலே.”