பச்சைக் கரையிட்ட தாள்

காலையில் கதவைத் திறந்த நெவெனா அதன் வெளிப்புறம் யாரோ ஒட்டியிருந்த மரண அறிவிப்பைப் பார்த்தாள். கறுப்புக் கரையிட்ட தாள்கள் அந்தப் பல்கேரிய ஊரின் மரங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் எப்போதும் உண்டு. இதில் கரை பச்சை, முஸ்லிம்களுக்குப் போடுவது. தச்சர் சப்ரி, துருக்கியில் காலமானார். இந்த வீட்டைக் கட்டியவர்.

வீட்டுப் பத்திரத்தில் அவர் பெயர் சாவா. உள்ளூர்த் துருக்கியர்களின் பெயர்களை அரசாங்கம் பல்கேரியப் பெயர்களாக மாற்றிவைத்திருந்த காலம். முப்பது வருடங்களுக்கு முன், அதே அரசாங்கம் அவர்களைத் துருக்கிக்கு விரட்டியபோது, எல்லை தாண்டும் அவசரத்தில், நெவெனாவின் கணவன் கமெனின் பழைய காரை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அருங்காட்சியகத்துக்காக நெவெனா எழுதும் ஊர் வரலாறு அன்று மாலைக்குள் அச்சகம் போக வேண்டும். பண்டைய திராக்கியர், ரோமர், இரண்டு தீ விபத்துகள், துருக்கிய சுல்தான்களின் ஐந்நூறு வருடம் எல்லாம் தடங்கலில்லாமல் வந்துவிட்டன. ஒரு வரிதான் உறுத்தியது: '1989 கோடையில் சிலர் ஊரைவிட்டுச் சென்றனர்.'

முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த கமென் தாளை எடுத்துவிடச் சொன்னான்.

"மழைதான் அதக் கரைக்கணும். கையால கிழிக்கக் கூடாது," என்றாள் நெவெனா.

"அது நம்ம ஆளுங்களுக்கு."

"அப்ப இவரு யாரு ஆளு?"

அவன் மிளகாயைத் திருப்பிப் போட்டான். "எதையாவது எழுதி வைக்காத நெவெனா. பாதித் தெரு நம்மள மாதிரி வாங்கினதுதான். அப்புறம் ஒருத்தர் மூஞ்சில முழிக்க முடியாது," என்றான்.

அவள் மேசைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். உட்கார்ந்தால் எழச் சொன்னது மனம்.

மதியம் எதிர்வீட்டு கின்கா, செத்தவர்களுக்குக் கொண்டுவருவதுபோல் இரட்டைப்படையாக இரண்டு பூக்களோடு அழுதுகொண்டே வந்தாள். முற்றத்தில் கமெனைக் கண்டதும் நின்றாள்.

"அட, செத்தது நீ இல்லையா? தூரத்துலேருந்து தாளைப் பாத்துட்டு உனக்குன்னுல்ல பறிச்சேன்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தாள். அவள் குடியிருப்பது சப்ரியின் தம்பி விட்டுப்போன வீட்டில். பூக்களைத் திருப்பி எடுத்துப்போவாள் என்று நெவெனா நினைத்தாள். கின்கா அவற்றைக் கதவடியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தெருவைக் கடந்தாள்.

நெவெனா உள்ளே போய் அந்த வரியை அழித்தாள். 'போக வைக்கப்பட்டவர்களின் வீடுகளை நாங்கள் வாங்கினோம்' என்று தொடங்கினாள். முதலில் தன் வீட்டு எண். பக்கத்தில் பழக்கதோஷத்தில் சாவா என்று அடித்துவிட்டு, திருத்தினாள்: சப்ரி.

கமென் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. அவனிடமிருந்து புகை வாசம் வந்தது.

"கின்கா வீட்டு நம்பரையுமா?"

"அவ சொன்னா அவளோடதும். இது நம்மளோடது."

அவள் அச்சகத்துக்கு அனுப்பினாள்.