கண்ணில் படாத பூச்சு

சுறா வாத்தியார் தன் மகளோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. பேச்சில்லை என்றால் அறவே இல்லை. மகள் போன் செய்தால் ரிசீவரை மனைவியிடம் நீட்டிவிடுவார். அவள் வீட்டுக்கு வந்தால் "சாப்பிடச் சொல்லு" என்று சுவரைப் பார்த்து உத்தரவு போடுவார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

நகராட்சி நீச்சல் குளத்தில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர். சுறா என்பது அதுகள் வைத்த பெயர். முப்பது வருட வெயில் சும்மா விடுமா? காது மடலில் ஒரு புண் வந்து ஆறாமலே கிடந்தது. வெட்டி எடுத்துச் சோதித்ததில் தோல் புற்று என்றார்கள். நல்ல வேளை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். இனிமேல் சன்ஸ்கிரீன் பூசாமல் வெயிலில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

மகள் வேலை பார்ப்பதோ சன்ஸ்கிரீன் தயாரிக்கிற ஆய்வகத்தில். இதைவிடப் பொருத்தமான மகள் யாருக்கு வாய்க்கும் என்பீர்கள். வாய்த்து என்ன பிரயோசனம்! கடையில் கிடைத்த ஒரு வகை தண்ணீரோடு வழிந்து கண்ணை எரித்தது. துத்தநாகப் பொடி கலந்த இன்னொன்று எரியவில்லை. ஆனால் அவருடைய கறுத்த முகத்தில் வெள்ளையடித்த மாதிரி அப்பிக்கொண்டது. முதல் நாளே ஒரு பொடிசு "சுறா மேல மாவு கொட்டிருச்சுடோய்!" என்று கத்த, மொத்தக் குளமும் சிரித்தது. அன்றைக்கு டப்பாவைத் தூக்கி எறிந்தவர்தான்.

மகள் விடவில்லை. கெஞ்சினாள், அழுதாள், மனிதர் மசியவில்லை. கடைசியில் அவருக்குத் தெரியாமல் குளத்து மேலாளருக்கு ஒரு கடிதம் போட்டாள்: அப்பாவுக்கு உடம்பு இப்படி, தயவுசெய்து வெயிலில் நிறுத்தாதீர்கள். மேலாளர் இளகிய மனசுக்காரர். மறுநாளே சுறாவை டிக்கெட் கவுண்டரில் உட்காரவைத்துவிட்டார். நல்லது செய்யப்போய்ப் பொல்லாப்பு என்பது இதுதான். கடிதம் யார் போட்டது என்று தெரிந்த அன்றோடு அவர் மகளிடம் பேச்சை நிறுத்தினார். எட்டு மாதம் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தார். பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம் கேட்கும், தண்ணீர் தெரியாது. பிறகு மல்லுக்கட்டித் தன் பழைய வேலைக்குத் திரும்பினார். களிம்பும் இல்லை, மகளோடு பேச்சும் இல்லை.

அவளுக்கு அப்பாவின் குரல் வேண்டியிருந்தது. திட்டினால்கூடப் போதும். ஆய்வகத்துக்கு எதிரே இருந்த பள்ளி மைதானத்தில் யாராவது அப்பா மாதிரி விசில் ஊதினால் அவள் கை வேலையை விட்டுவிட்டு நின்றுவிடும். முப்பத்திரண்டு வயதில் அப்பாவுக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்லாததையெல்லாம் வேலையில் காட்டினாள். துகள் பெரிதாக இருப்பதால்தான் வெள்ளை தெரிகிறது. தலைமுடியின் தடிமனை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அந்த அளவுக்குச் சிறிதாக்கிவிட்டால் வெள்ளை மறைந்துவிடும். தோலைக் கெடுக்கிற புற ஊதாக் கதிர் மட்டும் மாட்டிக்கொள்ளும். சொல்வதற்கு என்ன, சுலபம்தான். அந்த நானோ துகள்கள் இருக்கின்றனவே, கல்யாண வீட்டுச் சொந்தக்காரர்கள் மாதிரி, கொஞ்சம் கண்ணயர்ந்தால் கும்பல் சேர்ந்துவிடும். கும்பல் சேர்ந்தால் மறுபடி வெள்ளை. போதாததற்கு, வெயில் பட்டால் பக்கத்தில் இருப்பதோடு வம்புக்கும் போகும். ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய உறை போட்டு அடக்க ஒன்றரை வருடம் குட்டிக்கரணம் அடித்தாள். நாற்பத்து மூன்றாவது கலவையைப் புறங்கையில் தேய்த்தபோது கை கையாகவே இருந்தது. கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

பாதுகாப்புச் சோதனைகள் எல்லாம் தேறி, களிம்பு கடைக்கு வந்ததும் ஆறு டியூப்களை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாரம் பொறுத்து போன் செய்தாள்.

"தேய்ச்சுக்கிறாராம்மா?"

"எனக்கெப்படிடி தெரியும்? தேய்ச்சா ஒண்ணுமே தெரியமாட்டேங்குதே! நீ செஞ்ச லட்சணம் அப்படி."

"டியூப் குறையுதா?"

"குறையுது. அந்த மனுஷன் டானிக்கையே ஒரு வருஷம் வாஷ்பேசினுக்கு ஊத்திக் கொடுத்தவரு. குறையறதை வெச்சு என்னத்தச் சொல்ல?"

சிரிப்பதா அழுவதா? அவர் பூசிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே கண்ணுக்குத் தெரியாமல் செய்தாள். இப்போது பூசினாரா இல்லையா என்று செய்தவளுக்கே தெரியவில்லை. பூசியிருந்தால் அவருக்குக் கோபம் தணிந்திருக்கிறது. பூசாவிட்டால் மகளோடு சேர்த்துத் தன் உயிரையும் வேண்டாம் என்கிறார். அவளுக்கு அப்படித்தான் பட்டது.

ஆய்வகத்தில் புற ஊதாக் கேமரா ஒன்று உண்டு. வெறும் தோல் அதில் சாம்பலாகத் தெரியும். களிம்பு பட்ட இடம் மை அப்பியது போல் கன்னங்கரேலென்று தெரியும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொண்டு, ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் குளத்துக்குப் போனாள். டிக்கெட் வாங்கக் குனிந்தபோதுதான் அந்தக் கூண்டு எவ்வளவு சின்னது என்று பார்த்தாள். உள்ளே கால் நீட்டக்கூட இடமில்லை.

அப்பா இடுப்பளவு தண்ணீரில் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஒரு சிறுமியின் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தார். "காலை அடி, காலை அடி, தண்ணி உன்னைத் தின்னுராது!" எவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. அவர் சிறுமியைப் படியில் ஏற்றிவிடும்வரை பொறுத்திருந்து, பெற்றோர் பெஞ்சிலிருந்து அவரை மட்டும் குறிவைத்துப் படம் எடுத்தாள்.

பிடரி சாம்பலாக இருந்தது.

அவ்வளவுதானா? மனசு விட்டுப்போயிற்று. கேமராவைப் பைக்குள் வைக்கப் போனவள், அவர் திரும்புவதைப் பார்த்து இன்னொரு படம் எடுத்தாள். நெற்றி, மூக்கு, கன்னம், இரண்டு காது மடல்கள், எல்லாம் கரி. ஒரு இடம் விடவில்லை. சின்னப் பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி அவ்வளவு கவனமாகத் தேய்த்திருந்தார்.

நிமிர்ந்தபோது அப்பா எதிரே நின்றார், மேலெல்லாம் தண்ணீர் சொட்ட. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். தன் கறுத்த முகத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். விரலால் தள்ளி முந்தைய படத்தைப் பார்த்தார், சாம்பல் பிடரி.

"கழுத்து விட்டுப்போச்சோ?"

சுவரிடம் கேட்கவில்லை. அவளிடம்தான் கேட்டார்.

"ஆமாப்பா."

"பின்னாடி எனக்கென்ன கண்ணா இருக்கு?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். பையிலிருந்து டியூபை எடுத்தாள். வெயிலில் காய்ந்து சுருங்கிப்போன தோல். அதைத் தொட்டே வருடக்கணக்காயிற்று. எதற்கும் அவசரப்படாமல் தேய்த்தாள்.

"அப்பா, அந்த லெட்டரு..."

"பேசாம தேய்."

தேய்த்தாள். களிம்பு மறைந்த பிறகும் கையை எடுக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. தண்ணீரிலிருந்து பிள்ளைகள் "சார், சார்" என்று கூப்பிட்டபிறகுதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கும் கிளாஸ் இருக்கு," என்றார் குளத்தைப் பார்த்தபடி. "கழுத்தும் இருக்கும்."

மறுநாள் திங்கட்கிழமை, அவளுக்கு வேலை நாள். "வர்றேன்ப்பா," என்றாள்.