மஞ்சள் ரிப்பனுக்கு யார் குரல்

மீசை அரும்பிய பிறகு கார்ட்டூன் பார்த்த ஆண்மகன் எவனும் உலக வரலாற்றில் உருப்பட்டதில்லை, இதை நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அறிவித்துக்கொண்டிருக்கிறேன், எதிரே டிவியில் இரண்டு கார்ட்டூன் பெண்களின் வாய் திறந்து திறந்து மூடுகிறது, சத்தமில்லை, கிளம்பப்போகிற ஏசி பஸ்ஸின் கண்ணாடிக்கு உள்ளிருந்து பேசுகிறவர்கள் மாதிரி, இந்த உண்மையைக் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் மூன்று பாகமாக எழுதியிருக்கிறேன், இரண்டாம் பாகத்துக்கு அடிக்குறிப்புகள்கூட உண்டு, அண்ணே பேப்பரத் தலகீழாப் பிடிச்சிருக்க என்கிறாள் வடிவு, விளம்பரம் படிக்கேன் என்கிறேன்.

டிவியின் தொண்டை போய் எட்டு மாதம், சத்தம் இல்லாத டிவி படிப்பக் கெடுக்காது என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு, அதனால் பாளையங்கோட்டையிலேயே எங்கள் வீட்டில் மட்டும் அந்தத் தொடருக்கு என் தங்கைகள்தான் குரல், மாலை ஐந்தரைக்கு, வாயில் முறுக்கோடு. ஏதோ வெளிநாட்டு ஹைஸ்கூல், அக்காக்காரி கறுப்புக் கோட்டு, பையிலிருந்து கையை எடுக்கமாட்டாள், சிரிக்கமாட்டாள், தங்கைக்காரி மஞ்சள் ரிப்பன், அவளுக்கு நடக்கத் தெரியாது, குதிக்கத்தான் தெரியும், எங்கள் வீட்டிலும் அதே கணக்குதான், பெரியவள் உலகு, பதினேழு வயது, ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம், அதில் ஒன்று ம், சின்னவள் வடிவு, பதினைந்து, தூக்கத்திலும் பேசுவாள், அங்கே பதில் சொல்ல ஆளில்லாததால் பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள். ஆகவே கோட்டுக்காரி உலகுக்கு, ரிப்பன்காரி வடிவுக்கு, இப்படித்தானே எந்த அறிவாளியும் பிரிப்பான், ஆனால் முதல் நாளே மாற்றி எடுத்துக்கொண்டார்கள், ஒருத்தி ஒருத்தியிடம் கேட்காமலேயே, திரையில் ரிப்பன்காரி மேசைமேல் ஏறி நிற்கிறாள், எங்கள் உலகு, கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக் குரல் வராத உலகு, யக்கா நான் தேர்தல்ல நிக்கேன், எனக்கு ஓட்டுப் போடலன்னா உன் சோத்துல மண்ணுதான் என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறாள், வடிவு கண்ணைப் பாதி மூடி, நில்லு, இல்ல உக்காரு, எனக்கென்ன என்கிறாள். கேலி செய்கிறார்களா, ஒருத்தி குணத்தை ஒருத்தி கடன் வாங்கிப் பார்க்கிறார்களா, எனக்கு அது தெரிந்தாக வேண்டும், அதற்காக மட்டுமே, ஆராய்ச்சி நோக்கில், செய்தித்தாளின் நடுமடிப்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தேன்.

அந்த ஓட்டை வழியாகத்தான் பார்த்தேன், அல்லது இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உலகுக்குக் கோயம்புத்தூர் கல்லூரியில், விடுதியோடு, இடம் கிடைத்துவிட்ட வாரம், கிளம்புற வரைக்கும் வடிவு காதுக்குப் போவக்கூடாது, போச்சுன்னா தெரு முழுக்கச் சொல்லிருவா, கண்ணு பட்டுரும் என்று அம்மா எங்கள் வாயைக் கட்டியிருந்தாள். திரையில் ரிப்பன்காரி எதற்கோ அழுகிறாள், உலகு குரல் கொடுக்கிறாள், யக்கா நான் ஊர விட்டுப் போறேன், எனக்கு சீட்டு கிடைச்சிருச்சு, நான் இல்லாம இருந்துக்கிடுவியா, சொல்லும்போது அவள் டிவியைப் பார்க்கவில்லை, வடிவைப் பார்க்கிறாள், வடிவோ திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், பாதிக் கண் மூடி, கோட்டுக்காரியாகவே, போ, எனக்கென்ன. ஏட்டி அது கார்ட்டூன் இல்ல, நெசம், இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும், சொன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஆகிவிடும், அடிக்குறிப்புகள் என்னாவது, பக்கத்தைத் திருப்பினேன்.

பரண்மேலிருந்து பெட்டி இறங்கிய அன்று வடிவு பெட்டியையும் உலகையும் மாறி மாறிப் பார்த்தாள், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேட்டி என்றாள், சொன்னேன், எனக்கென்னன்னுட்ட என்றாள் உலகு, அந்த நாளுக்கு அதுதான் அவளுடைய கடைசி வாக்கியம். வடிவு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள், பஸ் கிளம்புகிற வரை வெளியே வரவில்லை, அன்றிலிருந்து ஒன்பது நாள், உலகு போன் செய்வாள், அம்மா பேசுவாள், இந்தா வடிவு என்று நீட்டுவாள், வடிவு மாட்டேன் என்று தலையை ஆட்டுவாள், இந்த வீட்டில் இப்போது ம் சொல்வதற்குக்கூட ஆளில்லை, தூக்கத்தில்கூட அவள் பேசவில்லை, விழித்திருந்து கேட்டேன். படிக்கிற பிள்ளை இப்படி உம்மென்று இருக்கிறதே என்று பயந்து அப்பா டிவியை ரிப்பேர் செய்தே கொண்டுவந்துவிட்டார்.

ஐந்தரை, சத்தம் வருகிற டிவி, கோட்டுக்காரியும் ரிப்பன்காரியும் யாரோ இரண்டு பேருடைய குரலில் பேசுகிறார்கள், வடிவு ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொன்றுவிட்டுப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். ரிப்பன்காரி வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள், கண்ணாடிக்கு உள்ளிருந்து, பக்கத்துக் காலி இடத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை, எனக்கு எப்படியோ கை தளர்ந்து செய்தித்தாள் சரிகிறது, யக்கா, என்கிறது ஒரு கீச்சுக் குரல், என் மீசைக்குக் கீழேயிருந்து, யக்கா ஹாஸ்டல்ல இட்லி கல்லு மாதிரி இருக்கு, நீ நெசமாத்தான் எனக்கென்னன்னு சொன்னியா. வடிவு திரும்பவில்லை, பாதிக் கண் மூடவும் இல்லை, தொண்டையைச் செருமுகிறாள், கோட்டுக்காரி குரல்தான், கொஞ்சம் ஈரமாக, பொய்க்குச் சொன்னேன்ட்டி, போவாத, என்கிறாள். போயாச்சுக்கா, போன் போடேன், என்கிறேன். திரையைப் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டுகிறாள், என் போனை அதில் வைக்கிறேன், மணி அடிக்கிறது, எடுத்துட்டா, ஏட்டி உலகு, நான்தான்ட்டி, அவள் எழுந்து போனோடு உள்ளே ஓடுகிறாள், ஒன்பது நாள் பேச்சும் மொத்தமாக உடைந்து கொட்டுவது கதவு தாண்டிக் கேட்கிறது, டிவி முன்னால் நான் மட்டும், இரண்டு வாய்கள் திறந்து மூடுகின்றன, கதை நடுவில் நிற்கிறது, தேர்தலில் ரிப்பன்காரி ஜெயித்தாளா தெரியவில்லை, யாராவது பேசித்தானே ஆகவேண்டும், நில்லு என்கிறேன் கறுப்புக் கோட்டுக்காக, யக்கா என்கிறேன் மஞ்சள் ரிப்பனுக்காக, மெதுவாக, அடுத்த அறைக்குக் கேட்காமல்.