சூடம் தின்ற கரி

என் வீட்டுக்காரர் யுகேந்திரனுக்குப் புதிதாக எதைக் கண்டாலும் சூடம் காட்டியாக வேண்டும். வாஷிங் மெஷினுக்கும் காட்டினார். அதெல்லாம் போகட்டும். என் கரியில் கை வைத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ரெம்பியா பக்கத்துக் குப்பைமேட்டில் நான் தண்ணீர் சோதிக்கிறேன். அவர் அங்கேயே லோரி ஓட்டுகிறார். குப்பையிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர், பெருமழை பெய்தால் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் கலந்துவிடும். போன வருஷம் மீனெல்லாம் செத்து மிதந்தது.

தைப்பூச ரதத்துக்கு முன்னால் உடைத்த தேங்காய்ச் சிரட்டைகளும் அந்த மேட்டுக்குத்தான் வந்தன. அவற்றைக் காற்றுப் புகாமல் சுட்டு, நீராவி விட்டு, சாயத்தையும் நாற்றத்தையும் இழுத்துக்கொள்ளும் கரியாக்கினேன். மேனேஜர் குலம் ஒரே ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார். தேறினால் கரித்தொட்டி கட்டுவார். இல்லாவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது.

மைலோ டின்னில் மூடி வைத்திருந்த கரியைக் குழாயில் நிரப்பி, அவர் முன்னால் அந்தக் கறுப்புத் தண்ணீரை ஊற்றினேன். கோப்பி மாதிரி போனது கோப்பியாகவே வந்தது.

"சரிவராது போல கிடக்கு, கமலவேணி," என்றார். கோபித்திருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் காலி டின்னைக் கடாசப் போனேன். அடியில் சூடப் பொட்டலத்தின் காகிதம் ஒட்டிக் கிடந்தது.

"ஏங்க, இது என்னா?"

"போன வெள்ளிக்கெழம நான்தான் போட்டேன் லா. சாமி தொணையா இருக்கட்டும்னு. ஒரு பேக்கட் முழுசா."

"மூடுன டின்ல, அவ்வளவு சூடமும் எங்க போச்சு?"

"காத்துல கரஞ்சிருக்கும்."

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மூடிய டின்னில் காற்றோட்டம் ஏது? கரிதான் தின்றிருக்கிறது. வயிறு முட்டத் தின்றவனுக்கு விருந்து வைத்தால் எப்படிச் சாப்பிடுவான்? குப்பைமேட்டு நாற்றத்தில் சூட வாசம் என் மூக்குக்கும் எட்டவில்லை. என் கரி தோற்கவில்லை!

உடனே குலத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடித்து, "நாளைக்குக் கொண்டு வாங்கோ," என்றார்.

சிரட்டை சுட்ட டிரம்மில் மிச்சமிருந்த கரியை எடுத்துப் போனேன். யுகேந்திரனை லோரியை விட்டு இறங்கவே விடவில்லை. ஊற்றினேன். சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் இறங்கியது. கிளாஸுக்குப் பின்னால் குலத்தின் விரல்கள் தெரிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தொட்டி கட்டுவம்," என்றார் குலம். "உங்கட மனுசனைக் கூப்பிடுங்கோ. இப்ப சூடம் காட்டட்டும்."

யுகேந்திரன் ஓடி வந்தார். சட்டைப்பையில் பொட்டலம் தயாராக இருந்தது.

"கொளுத்துங்க," என்றேன். "ஆனா, அந்தாண்ட நின்னு!"