மெட்ராஸில் ஒரே மெஷின்

சந்திரகாந்தாவுக்கு அழக்கூடத் தெம்பில்லை. விழுப்புரத்தில் அவள் வீட்டுக்காரர் அனந்தராஜ் நோன்பு இருந்தபோதே வேர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டுப் போனார். நோன்புக் களைப்புதான், காலையில் கோயிலுக்குப் போய்வந்து கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைத்ததே இவள்தான். வயிறு காய்ந்த மனுஷனுக்கு வேர்க்காதா என்ன? ஹார்ட் அட்டாக் என்று யார் கண்டது! இப்போது அதை நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தாள்.

மெட்ராஸுக்குக் கொண்டுபோகும் வழியில், திண்டிவனத்திலேயே பிரஷர் விழுந்துவிட்டது. வேனை டாக்டர் சவுரிராயனின் நர்சிங்ஹோமுக்குத் திருப்பினார்கள்.

"இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளத் தெம்பு இல்லம்மா," என்றார் டாக்டர். "மருந்து ஏத்திக்கினு இருக்கேன், ரொம்ப நேரம் தாங்காது. மெட்ராஸ்ல ஒரு மெஷின் இருக்கு. தொடை வழியா ரத்தக்குழாய்ல பலூனை விட்டு, துடிப்புக்குத் தக்கபடி ஊதி ஊதிச் சுருக்கும். இதயத்தோட பாரத்தை அதுவும் கொஞ்சம் சுமக்கும்."

"அப்ப ஜல்தியா அனுப்புங்க டாக்டர்!"

"ட்ரங்க் கால் போட்டுப் பேசிட்டேன். இருக்கிறதே ஒண்ணு. அதுல வேற ஒருத்தர் இருக்காரு. மெஷின் இல்லாம இவரை ரோட்டுல குலுக்கிக்கினு போயி பிரயோஜனம் இல்ல."

"அவருக்கு எப்ப எடுப்பாங்க?"

"அவரு தேறணும். இல்லன்னா..."

சந்திரகாந்தா போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். விளக்கு வைத்தால் பூச்சி விழுந்து சாகும் என்று பொழுதோடு சாப்பிட்டு முடிக்கிற ஜைன வீடு. அரிசியில் புழுவைக் கண்டால் உயிரோடு எடுத்துச் செடியோரம் விடுகிறவள். முதலில், அந்த ஆள் தேறட்டும் என்றுதான் கும்பிட்டாள். புருஷன் கால்விரல் நீலம் பூத்ததைப் பார்த்த பிறகு, சீக்கிரம் முடியட்டும் என்றது பாழும் மனசு. எது முடியட்டும்? அதை மட்டும் அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணி, ஒரு வாய் காபியாவது குடிங்க," என்றாள் நாத்தனார் பத்மாம்பாள்.

"வேணாம் பத்மா. எறங்காது."

வெயில் தாழ்ந்தபோது டெலிபோன் அடித்தது. டாக்டர் வெளியே வந்தார்.

"கிளம்புங்கம்மா. மெஷின் காலி. நானும் கூட வர்றேன்."

"அப்பாடா, நல்லதாப் போச்சு!" என்று வாய்விட்டுச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் சலைன் பாட்டிலை ஸ்டாண்டிலிருந்து கழற்றப் போனார்.

அனந்தராஜை வேனில் ஏற்றிய பிறகு, அவர் கையைப் பிடித்துக்கொண்டவளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

"டாக்டர், அந்த ஆளு..."

"இவரு வயசுதான்மா," என்றார் டாக்டர், பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி. "அவரு சம்சாரம் ரெண்டு நாளா அந்த ரூம் வாசல் பெஞ்சுலயே உக்காந்திருந்தாங்களாம்."

வேன் கிளம்பியது. அந்தப் பெஞ்சில்தான் இனி இவள் போய் உட்கார வேண்டும்.