அப்பாவுக்குப் புருவம் தூக்கியது

அப்பாவின் கண்கள் திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்று எங்கள் வீட்டிலேயே சண்டை வரும். நெற்றி சரிந்து புருவத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. புருவம் இமையின் மேல். இமை கண்ணின் மேல்.

"இன்னாயா, கேட்டுகினு கீறியா, தூங்கிட்டியா?" என்று பேச்சின் நடுவே அம்மா அவர் தொடையில் தட்டுவாள்.

"கேட்டுகினுதான் கீறேன் எல்லம்மா" என்பார் அப்பா, கொஞ்சம் வருத்தத்தோடு.

வீட்டில் இது விளையாட்டு. அவர் வாட்ச்மேனாக இருந்த திருமழிசை கம்பெனியில் அப்படி இல்லை. அங்கே புதிதாக வந்த மேனேஜர் ரகுநாதன், கேட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று திட்டினார். மறுநாளிலிருந்து அப்பா ஸ்டூலை உள்ளே தூக்கி வைத்துவிட்டு நின்றபடியே வேலை பார்த்தார். "இப்ப நின்னுக்கிட்டே தூங்குறான், குதிரை மாதிரி" என்றார் ரகுநாதன். சனிக்கிழமை முதலாளி வருகிறார், ஷிப்டு விடும்போது கேட்டில் இருந்து பார்ப்பார், அன்றைக்கும் கண் மூடியிருந்தால் வேலை போய்விடும் என்று சொல்லியும் அனுப்பினார்.

"இத்தினி வருசத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் தூங்கினது கெடையாது" என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். சுவரைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அம்மா அழவில்லை. "கண்ணுதானே தொங்குது? தூக்கிட்டா போச்சி" என்றாள்.

எங்கள் நசரத்பேட்டையில் அப்போதுதான் பத்மா அக்கா தன் வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் திறந்திருந்தாள். திருவேற்காடு கோயிலில் கல்யாணம் வைத்த பெண்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு. அதனால் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்து மாட்டுக்கொட்டகை வழியாக நுழைந்தார். உள்ளே முகமெல்லாம் மாவு பூசி உட்கார்ந்திருந்த ஒரு கல்யாணப் பெண், "ஐயோ, ஆம்பள!" என்று எழுந்தாள்.

"ஆம்பள இல்லம்மா, எங்க மாமா" என்று பத்மா அக்கா அவளை உட்கார வைத்தாள்.

பிறகு அப்பாவின் நெற்றியை விரலால் அழுத்தி, மேலே தள்ளி, விட்டுப் பார்த்தாள். அது மெதுவாக இறங்கித் தன் இடத்துக்கே வந்தது.

"தசை தளர்ந்துபோச்சி மாமா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா கத்தி வெப்பாங்க. நம்மகிட்ட கத்தியே கெடையாது."

"அப்போ இன்னாதான் கீது?"

"ஐஸு, மிஷினு, நூலு."

ஐஸ் வைத்தபோது இமைகள் உண்மையிலேயே கொஞ்சம் ஏறின. ஐஸ் உருகியதும் இறங்கிவிட்டன. பர்மா பஜாரில் வாங்கிய மிஷினைக் கரண்டில் சொருகி நெற்றியில் ஓட்டினாள். அப்பாவின் பற்கள் கடகடவென்று ஆடினவே தவிர நெற்றி அசையவில்லை. கடைசியாக நூல். புருவத்துக்குக் கீழே இருக்கும் முடியைப் பிடுங்கினால் புருவம் மேலே இருப்பதுபோலத் தெரியுமாம். முதல் இழுப்பிலேயே அப்பா போட்ட சத்தத்தில் கொட்டகையில் மாடு கத்தியது. வீட்டுக்கு வரும்போது அவருக்கு வில்லாக வளைந்த இரண்டு மெல்லிய புருவங்கள் இருந்தன. அதற்குக் கீழே அதே கண்கள் மூடித்தான் கிடந்தன.

"சனிக்கெழம நானே ஊட்டுக்கு வரேன்" என்றாள் பத்மா அக்கா. அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

சனிக்கிழமை அவள் ஒட்டுப் பிளாஸ்திரியும் முட்டையும் கொண்டுவந்தாள். புருவத்தைக் கட்டைவிரலால் மேலே ஏற்றி, அங்கிருந்து மண்டைவரை பிளாஸ்திரியை இழுத்து ஒட்டினாள். தொப்பி போட்டால் முக்கால்வாசி மறைந்துவிடும். மிச்சத்தின்மேல் முகப்பவுடரை அப்பி, நெற்றி முழுக்க முட்டை வெள்ளைக்கரு பூசி, விசிறி எடுத்து வீசிக் காயவைத்தாள்.

"மாமா, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. முட்டை வெடிச்சிடும், பிளாஸ்திரி புட்டுக்கும்."

அப்பா கண்களைத் திறந்தார். வாசல் வேப்பமரத்தை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார். கூரை ஓடுகளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"எல்லம்மா, உனுக்கு இவ்ளோ நரையா?"

"பேசாதீங்க மாமா!"

"முட்டைய கொஞ்சம் வாய்க்கும் தடவிவுடு பத்மா" என்றாள் அம்மா.

அவரைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. நாங்களும் பின்னாலேயே பஸ் ஏறிப்போய் கம்பெனிக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்றோம். நான் அம்மாவின் குடைக்குப் பின்னால் இருந்தேன். முதலாளியின் கார் கேட்டுப் பக்கத்திலேயே நின்றது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ரகுநாதன். எதிரே அப்பா, நடுத்தெருவில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல விழித்தபடி.

மணி அடித்தது. சாப்பாட்டுக் கேரியரோடு முதலில் வந்தவன் துலுக்கானம். அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இன்னா நைனா, அப்டி பாக்குற?"

அப்பா பேசவில்லை.

"நான் இன்னா பண்ணேன்? வாயத் தொறந்து சொல்லேன்."

அப்பா பேசவில்லை. துலுக்கானத்தின் பார்வை ஒரு கணம் கேரியருக்குப் போனது. அவன் பார்க்கிறானே என்று அப்பாவும் கேரியரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"சரி நைனா, தெரிஞ்சிபோச்சில்ல, வுடு" என்று அவனே கீழ்டப்பாவைத் திறந்தான். மிச்சப் புளிச்சோற்றுக்குள் பித்தளை நட்டுகள். "தவறி வுழுந்துட்சி. சத்தியமா."

பின்னால் வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேருக்கு உள்ளே ஏதோ மறந்துவிட்ட நினைவு வந்தது. திரும்பி ஓடினார்கள். ஷெட்டுக்குள்ளிருந்து இரும்பும் பித்தளையும் தரையில் விழும் சத்தம் எங்களுக்கு டீக்கடைவரை கேட்டது.

முதலாளி காரை விட்டு இறங்கினார். "இவரையா தூங்குறார்னு சொன்னீங்க?"

அப்பா ரகுநாதன் பக்கம் திரும்பினார். கண்ணைத் தனியாகத் திருப்ப முடியாமல் தலையோடு சேர்த்துத்தான் திரும்பினார். ரகுநாதன் கார்க் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"அந்தப் பெயின்ட் டின்னுக்கு பில் போடச் சொல்லியிருக்கேன் சார்" என்றார்.

"எந்தப் பெயின்ட் டின்னு?" என்று கேட்டார் முதலாளி.

பிறகு அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அப்பா சிரிக்கவில்லை. "பாராட்டினாகூட அசையல பாரு" என்று முதலாளி டிரைவரிடம் சொல்லிக்கொண்டே காரில் ஏறினார்.

ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிப் பிளாஸ்திரியை எடுத்தபோது, வில்லாக இருந்த புருவத்திலும் பாதி கூடவே வந்துவிட்டது. நெற்றி பூரா கொப்புளம். புண் ஆறும்வரை எதையும் ஒட்டக் கூடாது என்று பத்மா அக்கா கையை விரித்துவிட்டாள். திங்கட்கிழமை பழைய கண்ணோடு போனால் மறுபடி தூங்குகிறார் என்பார்களே என்று அம்மாவுக்கு ஞாயிறு பூராவும் கவலை.

அன்று சாயங்காலம் துலுக்கானமும் யூனியன் ஜம்புலிங்கமும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்கள்.

"அண்ணி, அண்ணாத்தேகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார் ஜம்புலிங்கம். "நேத்திக்கி போட்டுகினு வந்த மூஞ்சி வேணாம். பழைய மூஞ்சியே போதும். பசங்க சோறு துன்னாம கீறானுங்க."

அப்பா உள்ளேயிருந்து நெற்றியில் ஈரத்துணியோடு வந்தார். பழைய மூஞ்சிதான். துலுக்கானம் சந்தோஷமாக எழுந்தான். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தான்.

"நைனா, இப்போ பாத்துகினு கீறியா, இல்லியா?"

"பாத்துகினுதான் கீறேன்."

துலுக்கானம் பின்னால் நகர்ந்தான். "அப்போ இத்தினி வருசமும்?"

"பாத்துகினுதான் இருந்தேன்."

இருவரும் வந்த வேகத்தைவிட வேகமாகப் போனார்கள்.

திங்கட்கிழமை அப்பா சாதாரணமாக வேலைக்குப் போய் சாதாரணமாகத் திரும்பிவந்தார். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னா ஆச்சி?"

"எவனும் என்னை நெருங்கல. தூரத்துலயே கேரியர தொறந்து காட்டிட்டுப் போறானுங்க. மேனேஜரு அவரே ஸ்டூல தூக்கியாந்து போட்டாரு."

"அப்போ வேலைக்கு ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல." அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஆனா எல்லம்மா, நெத்தி எரிச்சல்ல ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்லியா. மத்தியானம் ஸ்டூல்ல உக்காந்தேனா…"

"தூங்கிட்டியா?"

"மணி அடிச்சப்புறம்தான் முழிச்சேன்."

"ஐயோ! மேனேஜரு?"

"எதுர்ல நின்னு வணக்கம் வெச்சாராம். நான் திருப்பி வெக்கலியாம். பயந்துகினு போயிட்டாராம். துலுக்கானம் சொன்னான்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்பா சிரிக்கவில்லை. "நாளைக்குப் போயி அவராண்ட உண்மையச் சொல்லிடப் போறேன்" என்றார்.

"சொல்லேன். எவன் நம்புவான்?"



"நம்ப மாட்டானுங்கதான்" என்று அப்பா ஒப்புக்கொண்டார். பிறகு ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஆனா நல்ல தூக்கம் எல்லம்மா. காத்து அப்டி வந்துச்சி."